முழு நகல்

1962 ஜனவரி 8, திங்கள்

இரண்டாம் கவுண்டரை லானுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பது வருஷமாக இந்த இலாகாவின் பின்னறையில் உட்கார்ந்து, சைகோனில் பிறந்தவர்கள், கல்யாணம் செய்துகொண்டவர்கள், செத்தவர்கள் எல்லாருக்கும் பதிவு நகல் அடித்துக்கொண்டிருக்கிறேன். நவம்பர் பரீட்சையில் எனக்கு முதல் இடம். லான் பதினொன்றாவது. அவள் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள், பாவம். ஆனால் கவுண்டரில் உட்காருகிறவர்கள் நிரந்தரம். நகல் கொடுப்பதும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மனு அடித்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. பின்னறைக்காரர்கள் தினக்கூலி. எங்களை எந்தச் சாயங்காலமும் 'நாளைக்கு வராதே' என்று அனுப்பிவிடலாம்.

பிரிவுத் தலைவர் ஓங் லோக்கிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார்.

"ஏழு, நீ நல்லா வேலை செய்யுறே. ஆனா கவுண்டர்ல உன் முகத்தைப் பார்த்தா, இது எந்த நாட்டு ஆபீஸுன்னு ஜனங்க கேப்பாங்க."

எந்த நாட்டு ஆபீஸா? என் அம்மா மித்தோவில் பிறந்தவள். நான் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில். என் பிறப்புப் பதிவே எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அப்பா காரைக்காலிலிருந்து வந்தவர். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. அப்பா எனக்கு விட்டுப்போனது இரண்டுதான், அவர் நிறமும் இந்தத் தமிழும். நிறத்தை ஆபீஸ் முழுவதும் பார்க்கிறது. தமிழை அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அதனால்தான் இந்த நோட்டில் தைரியமாக எழுதுகிறேன்.

அப்புறம் இந்த 'ஏழு'. இந்த ஊரில் வீட்டின் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்று கூப்பிடுவார்கள், அடுத்ததை 'மூன்று'. நான் மூத்தவள். அம்மாவின் தெருவில் எல்லாருக்கும் நான் 'இரண்டு'. ஆபீஸில் மட்டும் 'ஏழு', ஏனென்றால் இந்தியர் என்றால் ஆணோ பெண்ணோ, செட்டியாரோ மரைக்காயரோ, எல்லாரும் 'ஏழு'. ஞானம்பாள் என்று ஒரு பேர் எனக்கு இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் ஒருவர் கேட்டதில்லை.

ஜனவரி 9

இவர் குறட்டையில் தூக்கம் போய், டைப்பில் இரண்டு தப்பு. ஓங் லோக் இரண்டையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். லானின் தப்புகளுக்கு வட்டம் போட்டால் ஒரு புட்டி மை தீர்ந்துவிடும்.

ஜனவரி 12, வெள்ளி

ஆத்திரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

ஆபீஸில் தேநீர் குடிக்க எல்லாருக்கும் பொதுவாக ஒரே தட்டில் கிளாஸ்கள். அவரவர் கிளாஸ் அவரவருக்கு அடையாளம் தெரியும். இன்றைக்கு என் கிளாஸைக் காணோம். தேடினால், பின்பக்க ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. அடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. பக்கத்திலேயே இன்னொரு கிளாஸ், அதிலும் சிவப்புப் பொட்டு. அது கூட்டிப் பெருக்குகிறாளே, அந்தக் கம்போடியாக்காரியுடையது. அவளைக் கேட்டேன். ஐயா சொன்னார், வைத்தேன் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம்! என்னைப் போய் அவளோடு சேர்ப்பதா? அவ எங்க, நான் எங்க? எழுதப் படிக்கத் தெரியாது, வாயில் எப்போதும் வெற்றிலை, மூஞ்சி அடுப்புக்கரி. நான் அப்படியா இருக்கிறேன்? நான் மாநிறம்தானே. அப்பாகூட அவ்வளவு கறுப்பு இல்லை. நான் பரீட்சையில் முதலாவதாக வந்தவள், இவள் விளக்குமாறு பிடிக்கிறவள், இரண்டு பேருக்கும் ஒரே பொட்டா?

அவள் கண்ணெதிரிலேயே என் கிளாஸை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து, விளிம்பின் இந்தக் கோடியில் கொண்டுவந்து வைத்தேன். இதைத் தொடாதே என்றும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் மூச்சு சீரானது.

ஜனவரி 19

பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. மூன்றாம் மேசைக்காரன் சொன்னான்: "ஏழு, கொஞ்சம் பல்லைக் காட்டு, வெளிச்சம் வரட்டும்." அறை முழுவதும் சிரித்தது. ஓங் லோக் கதவருகே நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

தெத் லீவு முடிந்து இன்று முதல் நாள். இந்த ஊர் வருஷப் பிறப்பில், வாசலை முதலில் மிதிக்கிறவரின் ராசிதான் வருஷம் முழுக்க என்று ஒரு நம்பிக்கை. எங்கள் அம்மாவும் நல்ல ராசிக்காரர் ஒருவரை முன்னாலேயே சொல்லி வைத்து வரவழைப்பாள். எனக்கு அதில் ஒன்றும் குறையில்லை.

வழக்கம்போல ஏழரைக்குக் கேட்டுக்குப் போனேன். அம்மா தைத்துக் கொடுத்த புது மஞ்சள் உடுப்பு. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். லான்தான் முதலில் உள்ளே போகவேண்டுமாம், என்னை முன்னால் விடக்கூடாது என்று ஐயா உத்தரவாம். ஏன் என்று கேட்டேன். அவன் வாயால் சொல்லவில்லை. தன் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

எட்டேகால் வரைக்கும் வெயிலில் நின்றேன். மற்றவர்களும் வந்து கேட்டருகே சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் லானுக்காக நின்றார்கள், நான் என் தோலுக்காக நின்றேன். போன வருஷம் வரை இருந்த பழைய தலைவர் தானே முதலில் வந்து மிதிப்பார், இந்தக் கூத்து கிடையாது. லான் சைக்ளோ ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள், உள்ளே போனாள். பின்னால் எல்லாரும் போனார்கள். கடைசியாக என்னை விட்டான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆந்துவான், கப்பல் கம்பெனிக் கிடங்கில் இருபது வருஷம் தலை குனிந்தே வேலை பார்த்தவர். "நமக்கு என்னத்துக்கு ஞானம் வம்பு? ஒம்பது வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டே. இன்னும் கொஞ்ச நாளு" என்றார்.

"கடிக்கிறதுக்குப் பல்லு மிச்சம் இல்லீங்க" என்றேன்.

பிப்ரவரி 12

இலாகா இயக்குநருக்கு மனு. கார்பன் வைத்து மூன்று பிரதி. ஏழு, கவுண்டர், கிளாஸ், கரண்ட், கேட், எல்லாம் தேதியோடு. கடைசியில் என் பேரை முழுதாக அடித்தேன்: தெரேஸ் ஞானம்பாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் ஜனாதிபதி அரண்மனைமேல் விமானத்திலிருந்து குண்டு. ஆபீஸ் மூடிவிட்டார்கள். ஊரே எரியும்போது உன் கிளாஸைப் பற்றி எவன் கவலைப்படுவான் என்கிறார் இவர். ஊர் எரிந்தாலும் நாளைக்கு ஆபீஸ் உண்டு, நாளைக்கும் நான் 'ஏழு'தான் என்றேன்.

மார்ச் 5, திங்கள்

விசாரணைக் குழு. மூன்று பேர். தலைவர் கண்ணாடி போட்ட கிழவர், பேசும்போது பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறார்.

ஓங் லோக் பட்டுபோலப் பேசினார். 'ஏழு' என்பது செல்லப் பேராம். கவுண்டருக்கு 'பொருத்தம்' பார்த்தாராம். கிளாஸ் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாதாம். கேட்டில் யாரையும் நிறுத்தவில்லை என்று காவலாளி கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் மேசைக்காரனுக்குக் கரண்ட் போனதே ஞாபகம் இல்லை. லான் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஒன்பது வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்! ஒருத்தருக்காவது ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே.

இந்தத் தேதிகளெல்லாம் எப்படிக் கிடைத்தன என்று தலைவர் கேட்டார். அன்றன்றைக்கு எழுதி வைத்தேன் என்றேன். எந்த மொழியில்? தமிழ். ஓங் லோக் மூக்கால் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. கோர்ட்டில் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளரின் சீலோடு நோட்டைக் கொடுத்தால் பார்ப்பேன் என்றார். அதோடு ஒன்று சொன்னார்: "சுருக்க நகல் செல்லாது. முழு நகல் வேண்டும்."

எனக்கே அந்தச் சட்டமா! எங்கள் இலாகாவில் தினமும் இதே பாடுதான். சுருக்க நகல் என்றால் பேர், தேதி, அப்பா அம்மா, அவ்வளவுதான். முழு நகல் என்றால் பதிவேட்டின் ஓரத்தில் எழுதியதெல்லாம் சேர்ந்து வரும், எந்தத் தகப்பன் எத்தனை வருஷம் கழித்துப் பிள்ளையை ஏற்றுக்கொண்டான், எந்தக் கல்யாணம் எப்போது முறிந்தது என்று. அதனால் எல்லாரும் சுருக்கத்தைத்தான் கேட்பார்கள். முழுதாகக் கொடு என்று வந்து நின்றவரை நான் பார்த்ததில்லை.

மார்ச் 6

சைகோன் கோர்ட்டில் தமிழுக்கென்று இருப்பது ஒரே ஆள், சேஷாசலம். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியறை. செட்டியார்கள் வழக்கு நடந்த காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காதாம், இப்போது மாசத்துக்கு ஒரு காகிதம் வந்தால் பெரிது என்றார். நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "முழுசும்னா முழுசும்தாம்மா. உங்க வீட்டுக்காரர் குறட்டை உட்பட" என்றார்.

இவருடைய குறட்டை அரசாங்கப் பதிவாகப் போகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

(இனிமேல் தனித் தாளில். நோட்டு மொழிபெயர்ப்புக்குப் போய்விட்டது.)

மார்ச் 9, வெள்ளி

சேஷாசலம் ஆள் அனுப்பினார். ஆபீஸ் விட்டதும் போனேன். நோட்டில் ஒரு பக்கத்தில் தீக்குச்சியை அடையாளம் வைத்திருந்தார். ஜனவரி 12.

நான் வாசித்து முடிக்கும் வரைக்கும் ஜன்னல் வழியாகக் கோயில் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தாளுக்கெல்லாம் நான் இன்னும் நம்பர் போடலை. திங்கக்கிழமை சாயங்காலம் போட்டு சீல் வைப்பேன். அதுவரைக்கும் இதுல எத்தனை தாள் இருந்துதுன்னு நான் எண்ணிப் பார்க்கப் போறதில்லை. வீட்டுக்கு எடுத்துண்டு போங்கோ."

மார்ச் 10

மறைத்து வைத்து இருபது தரம் படித்தாயிற்று. மூஞ்சி அடுப்புக்கரி. என் கையெழுத்துதான். கோணலாக வந்திருக்கிறது, ஆனால் நன்றாகவே படிக்க முடிகிறது.

இவர் பார்த்துவிட்டார். கிழித்து அடுப்பில் போடு என்றார். அந்த ஒரு பக்கம் போதும், லோக் உன்னை மென்று துப்பிவிடுவான், நிரந்தரமும் கிடையாது, இருக்கிற தினக்கூலியும் போகும் என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. தாளின் ஓரத்தைப் பிடித்து மடித்தும் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஓங் லோக்மேல்தான் கோபம் வருகிறது. அந்த ஆள் பொட்டு வைத்ததால்தானே நான் இதை எழுதினேன்? அப்படி ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். பொட்டுதான் அவர் வைத்தது. அடுப்புக்கரி என்ற வார்த்தையை எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லையே. நானேதான் கண்டுபிடித்தேன். கைக்குட்டையால் வேறு துடைத்தேன்.

எட்டு வருஷமாக என் மேசைக்கடியில் பெருக்குகிறாள். அவள் பேர் என்ன?

மார்ச் 12, திங்கள்

ஏழு மணிக்கே போனேன். அவள் பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பேரைக் கேட்டேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சாரெத் என்றாள். கம்போடியாவில் எந்த ஊர் என்று கேட்டேன், பேச்சை எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே.

"நான் இதே நாட்டுல சொக்சாங். கம்போடியாவை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

ஜனவரி எட்டாம் தேதி காரைக்காலைப் பற்றி நான் எழுதிய அதே வாக்கியம்.

நோட்டில் அவளைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. வியட்நாமிய மொழியில் சொல்லும்போது இன்னும் அசிங்கமாக இருந்தது. இதைக் குழுவின் முன்னால் படிப்பார்கள், உன்னிடம் முன்னாலேயே சொல்லவேண்டும் என்று தோன்றியது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க கிளாஸைத் துடைச்சப்போ நான் அங்கதானே நின்னேன். எழுதினதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியணுமா?"

மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நோட்டை சேஷாசலத்திடம் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தாள் இருந்தது. நம்பர் போட ஆரம்பித்தார்.

மார்ச் 26, திங்கள்

படித்தார்கள். முப்பத்தொரு பக்கம். சேஷாசலம் வெள்ளைக் கோட்டு போட்டு வந்து நின்றுகொண்டே படித்தார். குறட்டை வந்தபோது குழுவில் ஒருவர் இருமினார். கேட் வந்தபோது காவலாளி எழுந்து வெளியே போனான். ஜனவரி 12 வந்தபோது நான் மேசையின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் ஒரு சாமியார்தான் கேட்பார், அதுவும் திரைக்குப் பின்னால். இங்கே மின்விசிறிக்கடியில் பதினான்கு பேர்.

ஓங் லோக் துள்ளி எழுந்தார். இவளே இப்படி எழுதுகிறவள், இவளா என்னைக் குற்றம் சொல்வது என்றார்.

"நான் எழுதினது தப்புன்னா அவர் செய்ததும் தப்பு. ரெண்டையும் ஒரே தராசுல போடுங்க" என்றேன்.

தலைவர் பென்சிலைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பை வாங்கி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். "ஐயா சொன்னார், வைத்தேன்" என்ற இடத்தில் கோடு போட்டார். உத்தரவு வாங்கினதாக நோட்டில் வருகிறவர்களில் காவலாளி மறுத்தாயிற்று, மிச்சம் இந்த ஒருத்திதான், கூப்பிடுங்கள் என்றார். கிழித்திருந்தால் சாரெத் என்று ஒரு ஆள் இருப்பதே குழுவுக்குத் தெரிந்திருக்காது.

சாரெத் ஈரக் கையோடு வந்தாள். பயப்பட்ட மாதிரி தெரியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"என் கிளாஸுல எட்டு வருஷமா சிவப்புப் பொட்டு இருக்கு. இவங்க கிளாஸுக்கு ஜனவரியில வைக்கச் சொன்னாரு ஐயா. பெயின்ட் டப்பாவும் அவர்தான் கொடுத்தாரு. வச்சேன். இவங்க அதை என் கிளாஸ் பக்கத்திலேர்ந்து தள்ளி வச்சாங்க. ரெண்டும் நடந்துச்சு."

தெத் அன்று கேட்டில் என்ன நடந்தது என்று தெரியுமா என்று தலைவர் கேட்டார். தெரியாது என்றாள். எல்லாத் தெத்துக்கும் தன்னை ஒன்பது மணிக்குமேல்தான் வரச் சொல்வார்கள், எந்தத் தலைவர் இருந்தாலும் அப்படித்தான் என்றாள்.

எட்டுத் தெத். எட்டு வருஷம் அந்த முதல் நாள் காலையில் என் மேசையடி பெருக்காமல் கிடந்திருக்கிறது. ஏன் என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. எனக்கு ஒரு நாள் நாற்பத்தைந்து நிமிஷம் நின்றதற்கு மனு, மூன்று பிரதி.

ஏப்ரல் 9

உத்தரவு வந்தது. பரீட்சை வரிசைப்படி இரண்டாம் கவுண்டர் எனக்கு, நிரந்தரம். ஊழியர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கிளாஸ்களில் அடையாளம் கூடாது என்று சுற்றறிக்கை. ஓங் லோக்குக்கு மாற்றல். எங்கே? இதைவிடப் பெரிய ஆபீஸுக்கு, இதைவிடப் பெரிய மேசைக்கு! அங்கே எத்தனை கிளாஸில் பொட்டு வைப்பாரோ.

இரண்டு தரம் படித்தேன். சாரெத் பேர் எங்கும் இல்லை.

ஏப்ரல் 16

பெயின்டை நானே சவர பிளேடால் சுரண்டினேன், இரண்டு கிளாஸிலும். இரண்டையும் பொதுத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பத்து மணிக்குப் பார்த்தால் என்னுடையது தட்டில் இருக்கிறது. அவளுடையது பழையபடி ஜன்னல் விளிம்பில்.

யார் எடுத்து வைத்தது என்று சத்தம் போட்டேன். எல்லாரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நான்தான் வைத்தேன் என்றாள் சாரெத்.

இதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது?

ஏப்ரல் 24, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து கவுண்டரில் நல்ல கூட்டம். பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டேன். வந்து நின்றது சாரெத். விளக்குமாறு இல்லை. தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். உள்வழியாக வந்திருக்கலாமே என்றேன். டோக்கன் வாங்கியிருக்கிறேன் என்றாள்.

எட்டு வருஷத் தினக்கூலியை நிரந்தரம் ஆக்கச் சொல்லி இயக்குநருக்கு மனு வேண்டுமாம். முன்னாலேயே சொல்லியிருந்தால் நானே நன்றாக எழுதிக் கொண்டுவந்திருப்பேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எழுதத் தெரியாதவங்க சொல்றதைக் கவுண்டர்ல அடிச்சுக் கொடுக்கணும்னு விதி இருக்குல்ல? நான் சொல்றேன். நீங்க அடிங்க. எதையும் விடாதீங்க."

தாளைச் செருகினேன், கார்பனோடு. பேர், தாக் சாரெத். ஊர், சொக்சாங். அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் தலை நிமிராமல் அடித்தேன். சிவப்புப் பொட்டு. எட்டுத் தெத். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, என் விரல்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியைச் சொன்னாள். தற்போது இரண்டாம் கவுண்டரில் பணியாற்றும் தெரேஸ் ஞானம்பாள் என்பவர், என் கிளாஸ் பக்கத்தில் இருந்த தன் கிளாஸைத் துடைத்துத் தள்ளி வைத்தார்.

அந்த வரியையும் அடித்தேன்.